உயர்நிலைத் தேர்வுப் புள்ளிகளும் கல்லூரி வாசல்களும்



ஜனவரி மாதம் நடுவில் சாதாரண நிலைத் தேர்வின் முடிவு வெளியாகும் வாரத்தில் என் கடைக்கு வருகிற நம்மவர்களில் பாதிப்பேர் துணி பார்க்க வருவதில்லை. "பாய், மகனுக்கு இத்தனை புள்ளி வந்திருக்கிறது, இது நல்லதா கெட்டதா?" என்று கேட்கவே வருகிறார்கள். நான் ஊரில் ஓதப்பள்ளியிலும் ஐந்தாம் வகுப்பு வரை தொடக்கப் பள்ளியிலும் படித்ததோடு சரி. அப்படிப்பட்டவனிடம் வந்து கேட்பதற்குக் காரணம் ஒன்றே. இந்தக் காரியத்தில் ஒரு பெரிய தவறு செய்துவிட்டு, பிறகு நாலு இடத்தில் அலைந்து விஷயத்தைத் தெரிந்துகொண்டவன் நான் என்பது தேக்கா வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரியும். சங்கத்தின் செயலாளர் அவர்களும் அதைச் சொல்லித்தான், "தெரிந்ததை எழுதிக் கொடுங்கள்" என்று கேட்டார். என் தவறைப் பிறகு சொல்கிறேன். முதலில் கணக்கைப் பார்ப்போம். வியாபாரிக்குக் கணக்குப் புரிந்தால் பாதி பயம் போய்விடும்.

முதலாவது தெரிந்துகொள்ள வேண்டியது, இந்தத் தேர்வில் எண் குறைவாக இருந்தால்தான் மேன்மை. நமக்குப் பழக்கமானதற்கு இது நேர் எதிர். நம்மவர் ஒருவர் தம் மகன் 28 புள்ளி எடுத்தான் என்று கேட்டவுடனே அல்வா வாங்கிப் பக்கத்துக் கடைகளுக்கெல்லாம் கொடுத்துவிட்டார். பையன் பாவம், கடைக்குப் பின்னால் சாமான் மூட்டையின் மேல் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். தகப்பனாரோ சந்தோஷக் கண்ணீர் என்று நினைத்தார்! இதைச் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. அந்தப் பிள்ளை நான்கு ஆண்டு என்ன படித்தான், எந்த அளவுகோலில் அளக்கப்பட்டான் என்பது வீட்டில் யாருக்கும் தெரியாமலே காலம் போயிருக்கிறது.

புள்ளியைக் கடன் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பாடத்திலும் 75 அல்லது அதற்கு மேல் மதிப்பெண் வாங்கினால் அது ஏ1. அதன் கடன் 1. 70 முதல் 74 வரை ஏ2, கடன் 2. 65இல் பி3, 60இல் பி4, 55இல் சி5, 50இல் சி6. இது வரைக்கும் தேர்ச்சி என்று கொள்ளலாம். அதற்குக் கீழே டி7, இ8, கடைசியில் எஃப்9. ஆக 9 என்பது முழுத் தோல்வி. ஒருவனுடைய பாடங்களின் கடனைக் கூட்டி வருகிற தொகைதான் அவனுடைய புள்ளி. கடன் குறைந்தவனுக்குக் கல்லூரி வாசல் அகலமாகத் திறக்கும்.

ஆனால் எல்லாப் பாடத்தையும் கூட்டுவதில்லை. இங்கேதான் நம்மவர்கள் தடுமாறுகிறார்கள். எந்த வாசலுக்குப் போகிறோமோ அந்த வாசலுக்கு ஏற்றபடி கூட்டல் மாறுகிறது.

தொடக்கக் கல்லூரிக்கு, அஃதாவது இரண்டு ஆண்டு படித்து மேல்நிலைத் தேர்வு எழுதிப் பல்கலைக்கழகத்துக்குப் போகிற வழிக்கு, ஆறு பாடங்களைக் கூட்டுவார்கள். இதற்கு எல்1 ஆர்5 என்று பெயர். எல்1 என்பது முதல் மொழி, பெரும்பாலும் ஆங்கிலம். ஆர்5 என்பது தொடர்புடைய ஐந்து பாடங்கள். அந்த ஐந்தில் ஒன்று சரித்திரம், பூகோளம், இலக்கியம் போன்ற வகையில் இருக்க வேண்டும். ஒன்று கணிதம் அல்லது விஞ்ஞானமாக இருக்க வேண்டும். இன்னொன்று இந்த இரண்டு வகையில் எதிலிருந்தும் வரலாம். மீதி இரண்டும் எந்தப் பாடமாகவும் இருக்கலாம், தமிழும் அதில் சேரும். இப்படிக் கூட்டி 20க்கு மேல் போகாமல் இருந்தால் தொடக்கக் கல்லூரிக்குத் தகுதி. 2026 வரை சாதாரண நிலைத் தேர்வு எழுதுகிறவர்களுக்கு இந்தக் கணக்குத்தான். அதற்குப் பின்னே வருகிறவர்களுக்கு வேறு கணக்கு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஒரு பிள்ளையின் பேரேட்டைத் திறந்து பார்ப்போம். இது நான் பழக்கத்துக்காகப் போட்டுப் பார்த்த கணக்கு, யாருடையதும் அல்ல. ஆங்கிலம் பி4. கணிதம் ஏ2. கூடுதல் கணிதம் சி5. பௌதிகம் பி3. இரசாயனம் சி5. சரித்திர வகைப் பாடம் பி4. தமிழ் ஏ1.

ஆங்கிலத்துக்கு 4. சரித்திர வகைக்கு 4. ஆக 8. கணிதத்துக்கு 2, பௌதிகத்துக்கு 3. ஆக 13. எந்தப் பாடமாகவும் இருக்கலாம் என்ற இரண்டு இடத்தில் தமிழுக்கு 1, இரசாயனத்துக்கு 5. மொத்தம் 19. இருபதுக்குள் நின்றுவிட்டான்.

இப்போது அதே பிள்ளை தமிழை அலட்சியம் செய்து சி6 வாங்கியிருந்தால் என்ன ஆகும்? தமிழைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் கூடுதல் கணிதத்தின் 5ஐப் போட வேண்டும். மொத்தம் 23. வாசல் அடைபட்டது. மற்ற எந்தப் பாடத்திலும் ஒரு புள்ளிகூட மாறவில்லை என்பதைக் கவனியுங்கள். "தமிழ் எதற்குப் பாய், அது சோறு போடுமா?" என்று கல்லாவில் சாய்ந்துகொண்டு கேட்கிறவர்களுக்கு இந்தக் கூட்டலைக் காட்டுங்கள். வீட்டில் நாம் பேசுகிற மொழி நம் பிள்ளைக்கு ஏறக்குறையச் சும்மா கிடைக்கிற முதல். அதைப் போட்டு வைக்காமல் விடுவது எந்த வியாபார புத்தியிலும் சேராது. இந்த ஊரில் 1946இல் கடையநல்லூர் முஸ்லிம் லீக்கைச் சேர்ந்த பெரியவர்கள் உமறுப் புலவர் பெயரில் ஒரு தமிழ்ப் பள்ளி தொடங்கினார்கள். அது 1982இல் மூடப்பட்ட பிறகு அதே பெயரில் தமிழ்மொழி நிலையம் நடக்கிறது. தம் பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லாத பிள்ளைகள் அங்கே போய்ப் படிக்கிறார்கள். எல்1 ஆர்5 கணக்கில் உயர்தமிழில் தேறியவர்களுக்குத் தொடக்கக் கல்லூரிச் சேர்க்கையில் 2 புள்ளி தள்ளுபடியும் உண்டு.

தள்ளுபடி என்றதும் நம் காதுகள் நிமிரும். இன்னொரு தள்ளுபடியும் இருக்கிறது. பள்ளியில் பாடத்துக்கு வெளியே நடக்கிற இணைப்பாட நடவடிக்கைகள், அஃதாவது விளையாட்டு, அணிவகுப்பு, பாட்டு, பேச்சு, பிறர்க்குத் தொண்டு, இவற்றில் நன்றாக இருந்தால் 1 புள்ளியும், மிக நன்றாக இருந்தால் 2 புள்ளியும் குறையும். இடம் ஒதுக்கும்போது இந்தத் தள்ளுபடிகளைக் கழித்துத்தான் வரிசை போடுகிறார்கள். "சாயங்காலம் வெயிலில் நின்று லெஃப்ட் ரைட் போட்டது போதும், கடைக்கு வா" என்று நான் என் மகனைக் கூப்பிட்டிருக்கிறேன். அப்போது எனக்கு இது தெரியாது.

மொத்தப் புள்ளி மட்டும் போதாது. தொடக்கக் கல்லூரிக்கு ஆங்கிலத்தில் சி6க்குக் குறையக் கூடாது. கணிதத்திலும் தாய்மொழியிலும் டி7க்குக் குறையக் கூடாது. மற்றதிலெல்லாம் ஏ1 வாங்கி ஆங்கிலத்தில் டி7 வாங்கினாலும் அந்த வாசல் திறக்காது.

அடுத்தது பலதுறைத் தொழிற்கல்லூரி. நாம் பாலிடெக்னிக் என்று சொல்வது. இந்த ஊரில் ஐந்து இருக்கின்றன. 1954இல் தோன்றிய சிங்கப்பூர் பலதுறைத் தொழிற்கல்லூரியே முதலாவது. பிறகு நீ ஆன், தெமாசெக், நன்யாங் வந்தன. 2002இல் ரிபப்ளிக் வந்தது. மூன்று ஆண்டு படிப்பு, கையில் டிப்ளோமா. இங்கே கூட்டுவது ஐந்தே பாடங்கள். ஆங்கிலம் ஒன்று, படிக்கப் போகிற தொழிலுக்கு வேண்டிய பாடம் இரண்டு, மீதியில் மிகச் சிறந்தவை இரண்டு. மொத்தம் 26க்குள் இருந்தால் நுழையலாம். தாதிமைப் படிப்புக்கு மட்டும் 28 வரை. பொறியியல் என்றால் தொழிலுக்கு வேண்டிய பாடம் கணிதமும் ஒரு விஞ்ஞானமும். வணிகப் படிப்பு என்றால் வேறு.

மேலே பார்த்த அதே பிள்ளை பொறியியலுக்குப் போனால், ஆங்கிலம் 4, கணிதம் 2, பௌதிகம் 3, சிறந்த இரண்டில் தமிழ் 1, சரித்திரம் 4. மொத்தம் 14! ஒரே தேர்வுத் தாள், ஒரு வாசலில் 19, இன்னொரு வாசலில் 14. ஆகவே "என் மகன் இத்தனை புள்ளி" என்று யாராவது சொன்னால், எந்தக் கணக்கில் என்று கேட்டுக்கொண்டு பிறகு பேசுங்கள். இரண்டு கடைக்காரர்கள் ஒருவர் கெஜத்திலும் ஒருவர் மீட்டரிலும் விலை சொல்லிச் சண்டை போட்ட கதையாகி விடக்கூடாது.

20, 26 என்பவை வாசற்படிதான். உள்ளே எந்த இருக்கை கிடைக்கும் என்பது வேறு விஷயம். ஒவ்வொரு கல்லூரிக்கும் ஒவ்வொரு படிப்புக்கும் போன ஆண்டு கடைசியாக இடம் பெற்ற மாணவனின் புள்ளி இத்தனை என்று ஒரு பட்டியல் வெளியாகும். அநேகர் அதைக் கல்லூரி நிர்ணயித்த விலை என்று நினைக்கிறார்கள். அப்படி அல்ல. சந்தை விலை மாதிரி, கேட்பவர் கூடினால் இறுகும், குறைந்தால் இளகும். சில தொடக்கக் கல்லூரிகளில் அது ஒற்றை இலக்கத்தில் நிற்கிறது, சிலவற்றில் 20 வரை வருகிறது. போன ஆண்டு 12 என்றால் இந்த ஆண்டு 11 ஆகலாம், 13ம் ஆகலாம். அதனால் விண்ணப்பத்தில் 12 விருப்பங்கள் எழுத இடம் கொடுத்திருக்கிறார்கள். முடிவு வந்த நாளிலிருந்து சில நாட்களுக்குள் எழுதி முடிக்க வேண்டும். பன்னிரண்டையும் எட்டாத உயரத்திலேயே எழுதிவிட்டு இடமில்லாமல் நின்ற பிள்ளையை எனக்குத் தெரியும். ஆசைப்பட்டதை மேலே எழுதுங்கள், கைக்கு எட்டுவதை நடுவில் எழுதுங்கள், நிச்சயம் கிடைக்கும் என்பதைக் கீழே எழுதுங்கள். சரக்குக் கொள்முதலில் நாம் தினமும் செய்வதுதான் இது.

தேர்வு முடிவுக்கு முன்னாலேயே பாலிடெக்னிக்கில் இடம் கேட்கிற வழியும் உண்டு. பிள்ளைக்கு ஒரு துறையில் உண்மையான நாட்டமும் கைத்திறனும் இருந்தால், தேர்வு ஆண்டின் நடுவிலேயே விண்ணப்பித்து நேர்காணலுக்குப் போகலாம். தேறினால் இடம் தருவதாக வாக்குக் கொடுப்பார்கள். ஆனாலும் 26 என்ற படியையும் அந்தப் படிப்புக்குரிய குறைந்தபட்சத் தகுதியையும் பிறகு தாண்டியாக வேண்டும். வாக்குக் கிடைத்ததும் புத்தகத்தை மூடி வைத்த பிள்ளைகள் கஷ்டப்பட்டிருக்கிறார்கள்.

இனி என் தவறுக்கு வருகிறேன். இதுவரை சொன்னது தேர்வு முடிந்த பிறகு போடுகிற கூட்டல். ஆனால் எத்தனையோ வாசல்கள் அதற்கு இரண்டு ஆண்டுக்கு முன்னாலேயே, உயர்நிலை இரண்டாம் ஆண்டின் இறுதியில், சத்தமில்லாமல் சாத்தப்படுகின்றன.

அந்தச் சமயத்தில் பள்ளியிலிருந்து ஒரு படிவம் வரும். மூன்றாம் நான்காம் ஆண்டில் பிள்ளை என்னென்ன பாடம் எடுக்கப் போகிறான் என்று அதில் எழுத வேண்டும். 2017ஆம் ஆண்டு என் மூத்த மகன் அந்தப் படிவத்தைக் கொண்டுவந்தபோது தீபாவளி வியாபாரம். கடையில் நிற்க இடமில்லை. "அத்தா, கூடுதல் கணிதம் எடுக்கலாம் என்று சார் சொன்னார். என் மார்க்குக்குக் கிடைக்கும்" என்றான். நான் துணிக் கட்டின் மேல் படிவத்தை வைத்தேன். கூடுதல் கணிதம் என்றால் டியூஷன் வைக்க வேண்டும், மாதம் இருநூறு வெள்ளி, சாயங்காலம் கடைக்கும் வரமாட்டான். "ஒரு கணிதம் போதும் தம்பி, லேசான பாடமாக எடு, நாலு மணிக்குக் கடைக்கு வந்துவிடு" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். இரண்டு நிமிடம் ஆகியிருக்காது. அதே நாளில் ஒரு மொத்த வியாபாரிக்கு முந்நூற்றுச் சொச்சம் வெள்ளிக்குக் காசோலை எழுதினேன். அதை மூன்று தரம் சரிபார்த்தேன்.

பையன் ஒன்றும் சொல்லவில்லை. அவன் சுபாவம் அப்படி. நாலு மணிக்குக் கடைக்கு வந்தான். நல்ல பிள்ளை என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் பெருமைப்பட்டேன்.

2020 ஜனவரியில் முடிவு வந்தது. ஆறு பாடத்தில் 18 புள்ளி. தொடக்கக் கல்லூரிக்குத் தகுதி. என் சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. இயந்திரப் பொறியியல் படிக்க வேண்டும் என்பது அவன் ஆசை. கல்லூரிகளின் திறந்த நாளுக்கு முதல் முதலாக நானும் கூடப் போனேன். அங்கே மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஓர் ஆசிரியை அவனுடைய தாளைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "கூடுதல் கணிதம் எடுக்கவில்லையா?"

விஷயம் இதுதான். தொடக்கக் கல்லூரியில் எச்2 என்று சொல்லப்படுகிற முழு அளவுக் கணிதப் பாடம், பிள்ளைக்குக் கூடுதல் கணிதம் ஏற்கெனவே தெரியும் என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறது. அது இல்லாதவனை அந்த வகுப்பில் சேர்க்கத் தயங்குவார்கள். பல்கலைக்கழகத்தில் பொறியியலுக்கு அந்த எச்2 கணிதம் வேண்டும். ஆக உயர்நிலை மூன்றில் கூடுதல் கணிதம் இல்லை, அதனால் தொடக்கக் கல்லூரியில் எச்2 கணிதம் இல்லை, அதனால் அந்த வழியில் பொறியியல் இல்லை. சங்கிலியின் முதல் கண்ணியை நான் துணிக் கட்டின் மேல் வைத்து அறுத்திருக்கிறேன். 18 புள்ளி கையில் இருந்து என்ன பிரயோசனம்?

திரும்பி வரும்போது ரயிலில் அவன் என்னைக் குறை சொல்லவில்லை. "பரவாயில்லை அத்தா" என்றான். குறை சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

பாலிடெக்னிக்கில் பொறியியலுக்குச் சாதாரணக் கணிதமே போதும். ஆங்கிலத்தில் டி7, கணிதத்தில் சி6, ஒரு விஞ்ஞானத்தில் சி6 என்பதுதான் அங்கே பொதுவான குறைந்தபட்சம். அந்த வழியில் சேர்ந்தான். முதல் ஆண்டில் கணித வகுப்பில் பக்கத்துப் பையன்கள் முன்பே கண்டதை இவன் புதிதாகக் கற்றான். இரவு ஒரு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தால் அவன் அறையில் விளக்கு எரியும். நான் கடைக்குக் கூப்பிடுவதை நிறுத்தினேன். முதல் அரையாண்டு சரிந்து பிறகு நிமிர்ந்தான். டிப்ளோமா முடித்து, தேசிய சேவையும் முடித்து, 2025இல் பல்கலைக்கழகத்தில் பொறியியலில் இடம் வாங்கினான். அவன் முதலில் கேட்ட பிரிவு அல்ல, அதற்கு அடுத்தது. முதல் அரையாண்டில் விழுந்த சரிவு கடைசிச் சராசரியில் ஒட்டிக்கொண்டே வந்தது.

இதிலிருந்து பாலிடெக்னிக் தாழ்ந்தது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நம்மவர்களில் சிலருக்குத் தொடக்கக் கல்லூரி என்றால் மாப்பிள்ளை ஊர்வலம், பாலிடெக்னிக் என்றால் துக்க வீடு. இது வெறும் பகட்டு என்பது என் அபிப்பிராயம். என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்த பிள்ளைக்குப் பாலிடெக்னிக் நேர்வழி. புத்தகப் படிப்பில் தாக்குப்பிடிக்கிற, இன்னும் மனம் தீர்மானிக்காத பிள்ளைக்குத் தொடக்கக் கல்லூரி நல்லது. எல்1 ஆர்5இல் 20 எடுத்துத் தட்டுத்தடுமாறி உள்ளே போய், இரண்டே ஆண்டில் மேல்நிலைத் தேர்வில் சரிந்தவர்கள் இருக்கிறார்கள். மூன்றாண்டு எடுத்துப் படிக்க விரும்புகிறவர்களுக்கு மில்லெனியா கல்வி நிலையம் இருக்கிறது. பாலிடெக்னிக் முடித்தவனிடம் பல்கலைக்கழகம் முக்கியமாகப் பார்ப்பது அங்கே மூன்று ஆண்டில் அவன் சேர்த்த ஜி.பி.ஏ. என்ற சராசரியை. அது 4க்கு எத்தனை என்று கணக்கு. இங்கே எண் கூடினால்தான் நல்லது.

தொழில்நுட்பக் கல்விக் கழகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1992இல் அமைந்த அந்தக் கழகத்துக்குக் கிழக்கிலும் நடுவிலும் மேற்கிலுமாக மூன்று கல்லூரிகள். மின்சாரம், இயந்திரம், சமையல், கணினி என்று கைத்தொழிலைச் சரியாகக் கற்றுத்தருகிறார்கள். அங்கே உயர் நைட்டெக் வரை நல்ல சராசரியோடு முடித்தவர்கள் பாலிடெக்னிக்குக்குப் போகலாம், அதற்கு மேலும் போகலாம். சுற்றுவழிதான், ஆனால் வழி இருக்கிறது. அங்கே போன பிள்ளையை விருந்துக்கு வந்தவர்களிடமிருந்து மறைத்து வைக்கிற தகப்பன்மார்கள் அந்தப் பிள்ளையின் முகத்தை ஒருநாள் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

தொடக்கக் கல்லூரிக்குப் போனவர்களுக்கு மேல்நிலைத் தேர்வில் கணக்குத் திரும்பவும் தலைகீழாகும். அங்கே புள்ளி கடன் அல்ல, முதல். எச்2 பாடம் ஒன்றில் ஏ வாங்கினால் 20, பி என்றால் 17.5, சி என்றால் 15. பொதுக் கட்டுரைப் பாடம் பாதி அளவு, அதில் ஏ என்றால் 10. முன்பு மொத்தம் 90க்குக் கணக்கிட்டார்கள். 2026 சேர்க்கை முதல் மூன்று எச்2 பாடங்களும் பொதுக் கட்டுரையும் சேர்த்து 70க்குக் கணக்கு. நான்காவது பாடம் தொகையை உயர்த்தினால் மட்டும் சேர்ப்பார்கள். ஒரு ஏ, இரண்டு பி, பொதுக் கட்டுரையில் பி என்றால் 20, 17.5, 17.5, 8.75. ஆக 63.75. இதுவும் வாசற்படிதான். மருத்துவத்துக்கு எச்2 இரசாயனம் இல்லாமல் முடியாது, அதோடு உயிரியலோ பௌதிகமோ வேண்டும். எத்தனை ஏ இருந்தாலும் இரசாயனம் எடுக்காதவன் அங்கே வெளியாள். பல்கலைக்கழகங்கள் முந்தின ஆண்டு ஒவ்வொரு படிப்பிலும் சேர்ந்தவர்களின் மதிப்பெண் நிலையைப் பட்டியலாக வெளியிடுகின்றன. பிள்ளை உயர்நிலை இரண்டில் இருக்கும்போதே அந்தப் பட்டியலை ஒருமுறை எடுத்துப் பார்த்துவிடுங்கள். நான்கைந்து ஆண்டுக்குப் பிறகு வரப்போகிற சரக்கின் விலையை இன்றைக்கே விசாரித்து வைப்பது போலத்தான்.

இனி மாற்றங்கள். 2024இல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்த பிள்ளைகளிலிருந்து விரைவுநிலை, வழக்கநிலை என்ற பழைய பிரிவுகள் இல்லை. ஒவ்வொரு பாடத்தையும் ஜி1, ஜி2, ஜி3 என்ற மூன்று தரத்தில் ஒன்றில் படிக்கிறார்கள். ஒரே பிள்ளை தமிழை ஜி3லும் கணிதத்தை ஜி2லும் படிக்கலாம். இவர்கள் 2027இல் எழுதுவது சாதாரண நிலைத் தேர்வு அல்ல. எல்லாருக்கும் பொதுவான புதிய உயர்நிலைக் கல்விச் சான்றிதழ்த் தேர்வு. 2028 சேர்க்கை முதல் தொடக்கக் கல்லூரிக்கு ஆறு பாடத்துக்குப் பதில் ஐந்து பாடங்களைத்தான் கூட்டுவார்கள். வரம்பு 20க்குப் பதில் 16. தள்ளுபடிகளின் அளவும் திருத்தப்படுகிறது. பாலிடெக்னிக்குக்கு ஒரு பாடத்தை ஜி2 தரத்தில் வைத்துக்கொள்ளவும் இடம் உண்டு. பாடம் ஒன்று குறைந்துவிட்டது என்று நிம்மதி கொள்பவர்கள் வரம்பும் நான்கு புள்ளி இறங்கியிருப்பதைப் பார்க்க வேண்டும். பழைய கணக்கில் 19 எடுத்த அந்தப் பிள்ளைக்குப் புதுக் கணக்கில் கடைசி 5 கழிந்து 14 வரும். அவனுக்கு இது ஆதாயம். எல்லாப் பாடத்திலும் சமமாக 3, 4 என்று எடுக்கிற பிள்ளைக்கு ஆதாயமும் இல்லை, நஷ்டமும் இல்லை.

என் மகள் அந்த 2024ஆம் ஆண்டுக் கூட்டத்தைச் சேர்ந்தவள். 2025 இறுதியில் அவளுடைய படிவம் வந்தது. இந்தத் தடவை நான் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டுப் பள்ளிக்குப் போனேன். கையில் ஒரு நோட்டுப் புத்தகமும் கொண்டுபோனேன். கூடுதல் கணிதமும் இரசாயனமும் எடுப்பதில் அவளுக்கும் எனக்கும் பேச்சில்லை. ஆனால் அவள் பௌதிகத்தை விட்டு உயிரியல் எடுக்க வேண்டும் என்றாள். எனக்கு நெஞ்சு திக்கென்றது. அண்ணனுக்கு ஒரு பாடத்தை விட்டுப் பட்டது போதாதா? பௌதிகத்தையே எடு என்று சொல்ல வாய் வந்துவிட்டது. அண்ணனைக் கடைக்குக் கூப்பிட்ட அதே வாய்தான்.

சொல்லாமல் ஆசிரியரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "சார், இதை விட்டால் எந்தக் கதவு மூடும்?" அவர் தாளில் கோடு போட்டுக் காட்டினார். பௌதிகத்தை விட்டால் பொறியியலில் பல பிரிவுகள் கஷ்டமாகும். உயிரியலை விட்டால் அவள் விரும்புகிற மருந்தாளர் படிப்பும் மற்ற மருத்துவத் துறைகளும் அடைபடமாட்டா, ஏனென்றால் இரசாயனந்தான் அங்கே திறவுகோல், ஆனால் அவள் பிரியப்பட்ட பாடம் போய்விடும். நான் மகளைப் பார்த்தேன். "பொறியியல் எனக்கு வேண்டாம் அத்தா. அண்ணன் வீட்டில் பேசுவதைக் கேட்டே தூக்கம் வருகிறது" என்றாள். ஆசிரியர் சிரித்துவிட்டார்.

படிவத்தை அன்றைக்கு அங்கே வைத்துக் கையெழுத்துப் போடவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து, இரவு கடை அடைத்த பிறகு, அவளுடைய அம்மாவையும் பெரியவனையும் கூட உட்கார வைத்து, ஒவ்வொரு வரியையும் அவளையே வாசிக்கச் சொன்னேன். உயிரியல் என்று எழுதியிருந்த இடத்துக்கு வந்தபோது பெரியவன் ஒன்றும் பேசாமல் தன் பேனாவை எடுத்து என்னிடம் நீட்டினான்.